கண்ணுக்குள் ஒரு பேச்சுவார்த்தை

போன லீவுல உசிலம்பட்டி மாமாவைக் கண் டாக்டரிடம் கூட்டிட்டுப் போறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. அவருக்குப் பத்து வருஷமா சுகர். "பேப்பர் படிக்கிறேன், வண்டி ஓட்டுறேன், எதுக்குடா செக்கப்பு?" என்பதுதான் அவர் வாதம். ஆனா பார்வை மங்குவது கடைசியில்தான். அதற்கு ரொம்ப முன்னாடியே விழித்திரைக்குள் ஒரு பேச்சுவார்த்தை தடைபட ஆரம்பித்துவிடுகிறது.

விழித்திரையில் நரம்பு செல்கள் மட்டும் இல்லை. அவற்றுக்கு நடுவே தூண் மாதிரி நிற்பவை முல்லர் செல்கள். இவை கிளையா வகை. கிளையா என்றால் கிரேக்கத்தில் பசை. சும்மா ஒட்டிவைக்கிற வேலைதான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள்.

நரம்பு செல்கள் செய்தி அனுப்பும் முக்கிய ரசாயனம் குளுட்டமேட். (ஆமா, அஜினோமோட்டோவில் இருக்கிற அதே ஆள்தான்.) செய்தி சேர்ந்த பிறகும் அது அங்கேயே தேங்கினால் நரம்புக்கே விஷம். முல்லர் செல் அதை உறிஞ்சி, தீங்கில்லாத குளுட்டமைனாக மாற்றித் திருப்பிக் கொடுக்கிறது. நரம்பு செல் அதிலிருந்து மறுபடி குளுட்டமேட் செய்துகொள்ளும்.

சுவாரசியம் அடுத்ததில். நரம்புக்கு வேலை கூடினால் ரத்தமும் கூட வேண்டும். அதை யார் கேட்டு வாங்குவது? மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் எரிக் நியூமன் எலியின் விழித்திரையில் மினுக்கும் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தார். முல்லர் செல்லுக்குள் கால்சியம் ஏறியது. நரம்புகள் வெளியே விட்ட ஏடிபிதான் காரணம் என்று 2005-இல் எழுதினார். பிளஸ் டூ பயாலஜியில் 'எனர்ஜி கரன்சி' என்று படித்த அதே ஏடிபி, இங்கே தபால்காரர்! கால்சியம் ஏறிய முல்லர் செல், பக்கத்து நுண் ரத்தக் குழாய்களை விரிக்கும் ரசாயனங்களை விடுகிறது. லோடு ஏறினதும் சப்ளையை ஏற்றும் கவர்னர் மாதிரி.

சுகர் இதைச் சீக்கிரமே பதம் பார்த்துவிடும். மினுக்கும் ஒளியைக் காட்டினால் நல்ல கண்ணில் குழாய் விரியும். சுகர் உள்ளவர்களிடம், விழித்திரைப் படத்தில் பாதிப்பே தெரியாத கட்டத்தில்கூட இந்த விரிவு குறைந்திருப்பதை அளந்திருக்கிறார்கள்.

1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய நம்ம ஊர் அரவிந்த் மருத்துவமனையில்தான், விழித்திரைப் படத்தைப் படிக்கும் கூகுளின் ஏஐ முதன்முதலில் நோயாளிகளிடம் பயன்பாட்டுக்கு வந்ததாக 2019-இல் அறிவித்தார்கள். பெருமைதான். ஆனா படத்தில் தெரிவது குழாய் வீக்கமும் ரத்தக் கசிவும். அதாவது, சண்டை முடிந்து கிடக்கும் உடைசல். பேச்சு நிற்கும் கட்டத்தையே பிடிக்க, மினுக்கும் ஒளியோடு ஒரு மலிவான கேமரா, கிராமத்து முகாமுக்குத் தூக்கிட்டுப் போற சைஸில் வேணும். ஈசிஇ ஆளுங்க ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு யோசிக்கலாமே?

மாமாவுக்குப் படத்தில் ஒண்ணும் இல்லை. அடுத்த வருஷமும் வரச் சொல்லியிருக்காங்க. "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல" என்கிறார்.