வெளிக் குவாரன்டைனில் மாட்டிக்கொண்ட மின்னஞ்சல்

எஸ்.பி.எம் முடித்த மாணவி ஒருத்தி உபகாரச் சம்பள நேர்காணல் அழைப்புக்காகக் காத்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் அவள் கொடுத்தது டியூஷன் மையம் தந்த மின்னஞ்சல் முகவரி. அனுப்பியவர்கள் "போன வாரமே அனுப்பிட்டோம்" என்கிறார்கள். இன்பாக்ஸில் இல்லை, ஸ்பேம் பெட்டியிலும் இல்லை. அப்புறம் எங்கேதான் போனது?

பெரும்பாலும் வாசலிலேயே நின்றிருக்கும். ஒரு நிறுவனத்துக்கு வரும் மின்னஞ்சல் நேராக உங்கள் பெட்டிக்கு வருவதில்லை. முதலில் கேட்வே என்னும் பாதுகாப்பு நுழைவாயில் அதைச் சோதிக்கிறது. நம் அடுக்குமாடி ஜாகா மாதிரிதான். உள்ளே விடலாம், திருப்பி அனுப்பலாம், சந்தேகமாக இருந்தால் ஓரமாக நிறுத்தி வைக்கலாம். அந்த மூன்றாவதுதான் குவாரன்டைன். அங்கே போன கடிதம் அழிக்கப்படவில்லை, யாராவது வந்து பார்க்கும்வரை காத்திருக்கிறது. நல்ல கடிதத்தைக் கெட்டது என்று பிடித்துவிடுவதை ஃபால்ஸ் பாசிட்டிவ் என்பார்கள். மாணவர்களே, தேர்வில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீங்க: அழிப்பது வேறு, தடுத்து வைப்பது வேறு.

தடுத்து வைக்கும் இடம் கேட்வேக்குள்ளேயே இருந்தால் அது உள் குவாரன்டைன். தனி சர்வரில் இருந்தால் வெளிக் குவாரன்டைன். கப்பலேறி பினாங்கு வந்த நம் முன்னோரில் பலரை ஊருக்குள் விடாமல் முதலில் ஜெரெஜாக் தீவில் தங்கவைத்துப் பரிசோதித்தார்கள் இல்லையா, அந்த ஏற்பாடுதான் இங்கேயும். துறைமுகம் ஓரிடம், தடுப்பு முகாம் வேறிடம்.

எதற்கு இந்தத் தனித்தீவு? பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகம், கிள்ளானில் ஒரு கிளை, இரண்டிலும் தனித்தனி கேட்வே என்றால் சந்தேகக் கடிதங்களும் இரண்டு இடத்தில் கிடக்கும். தேடுகிறவர் இரண்டு இடத்திலும் தேட வேண்டும். வெளிக் குவாரன்டைன் வைத்தால் எல்லாம் ஒரே இடத்தில் சேரும், கேட்வேயின் வட்டிலும் இடம் மிச்சம்.

சிஸ்கோ கேட்வேயை எடுத்துக்கொள்வோம். முதலில் மேலாண்மை சர்வரில் ஸ்பேம் குவாரன்டைனை இயக்கி, ஒவ்வொரு கேட்வேயையும் அதில் சேர்க்க வேண்டும். பிறகு கேட்வேயில் வெளிக் குவாரன்டைனைத் தேர்ந்து, அந்தச் சர்வரின் ஐபி முகவரியையும் போர்ட் 6025-ஐயும் கொடுக்க வேண்டும். வைரஸ், கொள்கை சார்ந்த குவாரன்டைனையும் வெளியே கொண்டுபோனால் அதற்கு 7025. நடுவில் ஃபயர்வால் இருந்தால் இந்தக் கதவுகளைத் திறக்கச் சொல்லுங்க. இல்லாவிட்டால் கடிதங்கள் கேட்வேயின் வரிசையிலேயே தேங்கி நிற்கும்.

இதோடு முடிந்தது என்று நினைத்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். குவாரன்டைனை இயக்கியதால் மட்டும் எதுவும் அங்கே போய்விடாது. ஸ்பேம் என்று சந்தேகப்பட்டால் குவாரன்டைனுக்கு அனுப்பு என்று அஞ்சல் கொள்கையிலும் தனியாகச் சொல்ல வேண்டும். திரும்பும் வழியும் முக்கியம். விடுவித்த கடிதத்தை அந்தச் சர்வர் தானே பெட்டியில் கொண்டுவந்து போடாது, இன்னொரு அஞ்சல் சர்வர் வழியாகத்தான் அனுப்பும். எந்தச் சர்வர் என்பதைக் குறிப்பிடாமல் விட்டால், 'ரிலீஸ்' பொத்தானை அழுத்தியும் கடிதம் வந்து சேராது.

இனி நாள் கணக்கு. நாம் மாற்றாதவரை அங்கே கடிதம் இருப்பது 14 நாள்தான். ஆண்டிறுதி விடுமுறை அதைவிட நீளம்! மாணவியின் அழைப்பு விடுமுறையின் முதல் நாளில் சிக்கியிருந்தால், ஆசிரியர் திரும்பி வருவதற்குள் அது அழிந்திருக்கும். ஆகவே நாள் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். கூடவே, உங்களுக்கு இத்தனை கடிதங்கள் தடுத்து வைக்கப்பட்டுள்ளன என்று பயனருக்குத் தினமும் அறிவிப்பு போகும்படி செய்யுங்கள். அறிவிப்பின் வாசகத்தை நீங்களே எழுதிக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் வரும் அறிவிப்பையே மோசடி என்று நினைத்து அழிக்கிறவர்கள் உண்டு, அதனால் அவர்களுக்குப் பழகிய மொழியில் இருக்கட்டும். நம்பிக்கையான அனுப்புநரைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கலாம். அது ஸ்பேம் சோதனைக்கு மட்டுமே விலக்கு, வைரஸ் சோதனை வழக்கம்போல் நடக்கும்.

டெலிமா கணக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஜிமெயில் என்பதால் ஸ்பேம் பெட்டியை நீங்களே பார்க்கலாம், 30 நாள் இருக்கும். ஆனால் கூகுளில் நிர்வாகிக்கென்று தனிக் குவாரன்டைன் ஒன்று உண்டு. அதில் போனது பயனர் கண்ணுக்குத் தெரியாது. நிர்வாகி 30 நாளில் முடிவெடுக்காவிட்டால் தானாகவே மறுக்கப்படும். அதனால் எதிர்பார்த்த கடிதம் எங்குமே இல்லையென்றால், அனுப்பியவரின் முகவரி, தேதி, தலைப்பு மூன்றையும் எழுதி நிர்வாகியிடம் கொடுங்கள். "மெயில் வரல சார்" என்று மட்டும் சொன்னால் அவரால் தேட முடியாது.

எல்லாம் அமைத்த பிறகு, ஸ்பேம் போலத் தோன்றும் ஒரு கடிதத்தை வெளிக் கணக்கிலிருந்து அனுப்பிப் பாருங்கள். அது குவாரன்டைனில் விழுந்ததா, அறிவிப்பு வந்ததா, விடுவித்ததும் பெட்டிக்கு வந்து சேர்ந்ததா என்று மூன்றையும் பார்த்த பிறகுதான் மாணவர்களுக்கு முகவரியைக் கொடுங்கள்.