வெட்டி எடுத்த சிரிப்புக்கு 15 வயது

ஜொகூர் பாருவின் பழைய வீட்டுக் கூரைகளில் நின்ற ஏரியல்கள் தெற்குப் பக்கம் திரும்பியிருந்ததற்குக் காரணம் உண்டு. நீரிணைக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர். 1963 பிப்ரவரியில் அங்கே தொடங்கிய தொலைக்காட்சி, கடவுச்சீட்டு இல்லாமலே இந்தப் பக்கமும் வந்து சேர்ந்தது. மலேசியாவின் சொந்த ஒளிபரப்பு அதே ஆண்டு டிசம்பர் கடைசியில்தான் தொடங்கியது. 1996 அக்டோபரில் ஆஸ்ட்ரோ என்ற துணைக்கோள் தொலைக்காட்சி வந்த பிறகு வீட்டுக்கு வீடு பொருத்திய டிஷ்களோ மேற்கே, ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே, அண்ணாந்து பார்த்தன. நிலநடுக்கோட்டுக்கு மேல் கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில் நிற்கும் மியாசாட் துணைக்கோள் அங்கேதான் இருக்கிறது. அந்த வழியாக ஜொகூர் வீடுகளுக்குள் வந்த தமிழ் அலைவரிசைகளில் ஒன்று ஆதித்யா. சன் குழுமம் 2009-இல் தொடங்கிய இந்த 24 மணி நேர நகைச்சுவை அலைவரிசைக்கு 2024-இல் 15 வயது நிறைந்தது.

தமிழ்நாட்டில் இது கேபிள்காரர் இழுத்துக் கொடுத்த கம்பியில் வரும் அலைவரிசை. ஜொகூரில் கம்பிக்கு வேலை இல்லை. எல்லாம் வானத்திலிருந்து வருவது. அதற்கு ஒரு விலையும் உண்டு. ஆஸ்ட்ரோ பயன்படுத்தும் கேயு அலைப்பட்டையின் அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். கனமழையின் துளிகள் அதை விழுங்கிவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் செந்தில் வாயைத் திறக்கும் நேரம் பார்த்துத் திரை கறுத்துப்போவது குளுவாங்கிலும் கூலாயிலும் யாருக்கும் புதிதல்ல.

புதிய தொடர் கிடையாது, செய்தி கிடையாது. பெரும்பாலும் பழைய படங்களிலிருந்து வெட்டி எடுத்த துண்டுகளைக் கொண்டே ஓர் அலைவரிசை 15 ஆண்டு ஓட முடிவது எப்படி? இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. ஏனென்றால் இதே முயற்சி அமெரிக்காவில் தோற்றது. 1989 நவம்பரில் எச்.பி.ஓ. நிறுவனம் ‘தி காமெடி சேனல்’ என்ற ஒன்றைத் தொடங்கியது. பாட்டு அலைவரிசைகளில் தொகுப்பாளர்கள் பாட்டுப் போடுவதுபோல, படங்களிலிருந்தும் மேடை நிகழ்ச்சிகளிலிருந்தும் சிரிப்புத் துண்டுகளை எடுத்துப் போடுவது திட்டம். மக்கள் ஒட்டவில்லை. 1990 ஏப்ரலில் ‘ஹா!’ என்ற பெயரில் போட்டி அலைவரிசை வந்தது; அதுவும் தள்ளாடியது. 1991-இல் இரண்டையும் இணைத்துத்தான் இன்றைய ‘காமெடி சென்ட்ரல்’ பிறந்தது. அது நிமிர்ந்து நின்றது துண்டுகளால் அல்ல, சொந்தமாகத் தயாரித்த நிகழ்ச்சிகளால்.

அங்கே தோற்றது இங்கே ஓடியதற்குக் காரணம் சன் குழுமத்தின் சாமர்த்தியம் மட்டுமல்ல. தமிழ் சினிமா அரை நூற்றாண்டுக்கு மேலாக நகைச்சுவையைத் தனிச்சரக்காகவே செய்துவந்தது. என்.எஸ். கிருஷ்ணன் தன் குழுவோடு தானே யோசித்து, தானே எழுதி, தன் பகுதியைத் தனியாகப் படமாக்கிக் கொடுப்பார். அது படத்தில் சேர்க்கப்படும். கதாநாயகனுக்கும் அதற்கும் சம்பந்தம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. அந்த வழக்கம் ‘காமெடி டிராக்’ என்ற பெயரில் நிலைத்தது. அதற்கென்றே எழுத்தாளர்களும் இருந்தார்கள். கவுண்டமணி, செந்தில் இணைக்கு எழுதிய ஏ. வீரப்பன் அவர்களில் முக்கியமானவர். 1989-இல் வந்த ‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழக் காட்சியை அந்தப் படத்தின் கதை தெரியாமலே ரசிக்கலாம். இரண்டு பழம் வாங்கக் காசு கொடுத்து அனுப்பியவர், ஒரு பழத்தோடு வந்து நிற்பவர், தலையில் அடித்துக்கொள்ளும் ஆத்திரம்: மூன்று நிமிடத்தில் தொடக்கம், நடு, முடிவு எல்லாம் இருக்கிறது. வெட்ட வேண்டிய இடத்தில் ஏற்கெனவே கோடு போட்டு வைத்த மாதிரி.

வணிகக் கணக்கும் அதோடு பொருந்தியது. 1993 ஏப்ரல் 14-இல் தொடங்கிய சன் டிவி படங்களின் ஒளிபரப்பு உரிமையை வாங்கிக் குவித்தது. வாங்கிய படத்தைப் பண்டிகை நாளில் சன் டிவியில் போடலாம். பிறகு 2001-இல் வந்த கே டிவியில் முழுப்படமாக மறுபடி மறுபடி போடலாம். பாட்டை மட்டும் வெட்டி 2004-இல் வந்த சன் மியூசிக்கில் போடலாம். மிச்சம் இருந்தது நகைச்சுவை, அதற்கு ஆதித்யா. போட்டிக்குக் கலைஞர் டிவி குழுமமும் ‘சிரிப்பொலி’யைக் கொண்டுவந்தது.

விளம்பரத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஐந்து நிமிடத் துண்டுகளாக ஒரு நாளை நிரப்ப 288 துண்டுகள் வேண்டும். ஒரு படத்தில் நாலைந்து துண்டு தேறும் என்றால் ஒரே நாளில் ஏறக்குறைய 60 படங்கள் தீர்ந்துவிடும். அதனால்தான் அதே காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. பார்ப்பவருக்கோ அது குறையாகப் படுவதில்லை. அடுத்த வசனம் என்ன என்று தெரிந்திருப்பதில்தான் பாதிச் சுகம்.

இந்தத் திரும்பத் திரும்ப வருதலால் அதிகம் பலன் கண்டவர் வடிவேலு. 2011 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க.வுக்காகப் பிரசாரம் செய்த பிறகு சில ஆண்டுகள் அவருக்குப் படமே இல்லை. பிறகு சில படங்கள் வந்தன. ‘24ஆம் புலிகேசி’ விவகாரத்தில் தயாரிப்பாளர் சங்கத்தோடு சிக்கல் ஏற்பட்டு மறுபடியும் ஒதுக்கம். 2022-இல் ‘நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்’ வரும்வரை திரையரங்கில் அவரைக் காண்பது அரிதாகவே இருந்தது. ஆனால் ‘வின்னர்’ கைப்புள்ளயும் ‘தலைநகரம்’ நாய் சேகரும் ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’யும் வரவேற்பறையை விட்டு ஒருநாளும் போகவில்லை. நடிகர் ஓய்வில் இருக்க, அவருடைய பாத்திரங்கள் மட்டும் தினமும் வேலைக்கு வந்துகொண்டிருந்தன.

2019 மே மாதம் நடந்ததை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள முடியும். பாகிஸ்தானிலிருந்து நடத்தப்பட்ட ஒரு பொறியியல் முகநூல் பக்கம் சுத்தியலின் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதன் பெயர் என்ன என்று கேட்டது. இதனால்தான் காண்டிராக்டர் நேசமணியின் மண்டை உடைந்தது என்று ஒரு தமிழர் பதில் எழுதினார். அவருக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று இன்னொருவர் விசாரிக்க, நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்யச் சொல்லும் குறிச்சொல் உலக அளவில் முன்னுக்கு வந்தது. வடிவேலு நேசமணியாக வந்த ‘ஃபிரண்ட்ஸ்’ படம் வெளியானது 2001-இல். 18 ஆண்டு கழித்தும் உலகெங்கும் உள்ள தமிழர்களுக்கு அந்தச் சுத்தியல் விழுந்த இடம் தெரிந்திருந்தது என்றால், அது திரையரங்கின் புண்ணியம் மட்டுமல்ல.

ஜொகூரில் இதன் விளைவு தனியானது. சிகாமட்டிலோ மாசாயிலோ பிறந்து மதுரையைக் கண்ணாலும் காணாத நான்காம் தலைமுறைப் பிள்ளைக்கு மதுரைப் பேச்சின் இழுப்பும் ஏற்ற இறக்கமும் வடிவேலு வழியாகவே அறிமுகம். தோட்டத்திலிருந்து தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு இடம்பெயர்ந்த குடும்பங்களில் தாத்தாவும் பேரனும் சேர்ந்து பார்க்கக்கூடிய நிகழ்ச்சிகள் அதிகம் இல்லை. தாத்தாவுக்கு நாகேஷ், அப்பாவுக்குக் கவுண்டமணி, பேரனுக்குச் சந்தானம் என்று ஒரே மணி நேரத்தில் மூவருக்கும் பங்கு கிடைத்தது.

கூடவே வேறொன்றும் வந்தது. கறுப்பு நிறத்தை, பருமனை, பெண்ணின் தோற்றத்தை வைத்துச் செய்த கேலி படத்தில் ஒரு முறை வந்து போகும். அலைவரிசையில் அதே கேலி கதையின் துணையில்லாமல் வாரம் முழுக்க வரும். படத்தில் அந்த வாய்க்கொழுப்புக்காரன் பிறகு உதை வாங்குகிறானா, திருந்துகிறானா என்பதெல்லாம் வெட்டில் போய்விடும். இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் 15 ஆண்டைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் சரக்கு. ஆதித்யா தொடங்கிய அதே 2009-இல்தான் ‘வெண்ணிலா கபடி குழு’ வந்து, பரோட்டா காட்சியால் சூரிக்குப் பெயர் கிடைத்தது. விஜய் டிவியின் ‘லொள்ளு சபா’வில் வளர்ந்த சந்தானம் 2010-இல் ‘பாஸ் என்கிற பாஸ்கரன்’, 2012-இல் ‘ஒரு கல் ஒரு கண்ணாடி’ என்று கொடிகட்டிப் பறந்தார். பிறகு சந்தானம் கதாநாயகன் ஆனார். யோகி பாபு 2021-இல் ‘மண்டேலா’வின் நாயகன். சூரி 2023-இல் ‘விடுதலை’யின் நாயகன். வடிவேலுவே அதே ஆண்டு ‘மாமன்னன்’ படத்தில் சிரிப்பை ஒதுக்கிவிட்டு நடித்தார். படத்தின் நடுவே தனியாக ஓடும் காமெடி டிராக் மெல்ல மெல்லக் காணாமல் போயிற்று. இப்போது சிரிப்பு கதையோடு கலந்து வருகிறது. வெட்டி எடுத்தால் கையோடு வருவதில்லை. படத்துக்கு அது நல்லது, அலைவரிசைக்கு அல்ல. போதாக்குறைக்கு, அந்த மூன்று நிமிடத் துண்டு கைப்பேசித் திரைக்கென்றே செய்ததுபோல் யூடியூபில் குடியேறிவிட்டது. அங்கே மழை பெய்தாலும் கவலை இல்லை.

மலேசியாவில் மலாய் நகைச்சுவை இந்தச் சிக்கலில் மாட்டவில்லை. அது வேறு பாதையில் வந்தது. ஆஸ்ட்ரோ 2007-இல் ‘ராஜா லாவாக்’ என்ற மேடைப் போட்டியைத் தொடங்கி, அதில் வென்ற நபில் போன்றவர்களை வளர்த்தெடுத்தது. படத்துண்டை நம்பாமல் ஆளை நம்பிய ஏற்பாடு அது. புதிய ஆள் வர வர, புதிய சரக்கும் வரும்.

மலேசியத் தமிழுக்கும் நகைச்சுவைத் திறமை இல்லாமல் இல்லை. விமலா பெருமாள் இயக்கிய ‘விளையாட்டுப் பசங்க’ 2011-இலும், ‘வெட்டிப் பசங்க’ 2014-இலும், ‘வெடிகுண்டு பசங்க’ 2018-இலும் உள்ளூர்ப் பேச்சோடு திரைக்கு வந்து கூட்டம் சேர்த்தன. மலாய்ச் சொல் கலந்த அந்தப் பேச்சில் சிரிக்க மதுரை தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு நாளுக்கு 60 படம் கேட்கும் அலைவரிசைக்கு இந்த நாட்டுத் தமிழ்ப்படங்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் சில நாளைக்குக்கூடக் காணாது. உள்ளூர்த் தமிழுக்கென்று ஒரு நகைச்சுவை அலைவரிசை வேண்டுமென்றால் அது ஆதித்யாவைப் பார்த்துச் செய்ய முடியாது. ‘ராஜா லாவாக்’ போல மேடையில் ஆட்களை ஏற்றித்தான் செய்ய வேண்டியிருக்கும்.