தட்டில் உலகம் – 12: பழசு வேறு, காய்ந்தது வேறு

1979-ல் வந்த ‘க்ரேமர் வெர்சஸ் க்ரேமர்’ படத்தில், மனைவி வீட்டைவிட்டுப் போன மறுநாள் காலை டஸ்டின் ஹாஃப்மன் தன் சின்னப் பையனுக்கு பிரெஞ்ச் டோஸ்ட் செய்யக் கிளம்புவார். காபி குடிக்கும் குவளைக்குள் முட்டையை உடைத்து ஊற்றுவார். ஓடும் கூடவே விழும். பால் ஊற்ற மறந்ததைப் பையன்தான் எடுத்துச் சொல்வான். குவளைக்குள் பிரெட் நுழையாது, மடித்துத் திணிப்பார். கடைசியில் வாணலியின் கைப்பிடி சுட்டு, எல்லாம் தரைக்கு வந்துவிடும். ஒரு குடும்பம் கலைவதைக் காட்ட இயக்குநர் ராபர்ட் பென்டன் எடுத்த காட்சி அது. அடுப்படியில் நிற்பவர் கண்ணுக்கோ அது ஒரு முழுப் பாடம். வாய் அகலமில்லாத பாத்திரம், பால் சேராத முட்டை, தலைபோகிற அவசரம். நம் வீடுகளில் ‘பாம்பே டோஸ்ட்’ சொதப்புவதும் பெரும்பாலும் இவற்றால்தான். படத்தில் இல்லாத இன்னொரு காரணமும் உண்டு: பிரெட்.

போன வாரம் கஸ்டர்டோடு நிறுத்தியிருந்தோம். முட்டையும் பாலும் கலந்து மெல்லிய சூட்டில் இறுகுவதுதான் கஸ்டர்ட் என்று பார்த்தோம். இந்த வாரம் அதே கஸ்டர்டை ஒரு பிரெட் துண்டுக்குள் ஏற்றப் போகிறோம். பிரெஞ்ச் டோஸ்ட் என்றால் அவ்வளவுதான். முட்டையில் முக்கியெடுத்துப் பொரித்த பிரெட் என்று நினைத்துச் செய்தால், ஆம்லெட் போர்த்திய பிரெட்தான் கிடைக்கும். மேலே முட்டைத் தோல், உள்ளே வெறும் பிரெட். கலவை நடுப்பகுதி வரைக்கும் போய், அங்கேயே இறுகி, கடித்தால் புட்டிங் மாதிரி இருக்க வேண்டும். அதற்குப் பிரெட் குடிக்கத் தயாராக இருக்க வேண்டும்.

‘பழைய பிரெட்டில் செய்தால்தான் நன்றாக வரும்’ என்று எல்லாரும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. 1852-ல் பிரெஞ்சு வேதியியலாளர் ழான்-பப்டிஸ்ட் புஸாங்கோ ஒரு சோதனை செய்து பார்த்தார். ஈரம் வெளியே போகாதபடி அடைத்து வைத்த ரொட்டியும் விறைத்துப் பழசாகிறது என்பதைக் காட்டினார். அதே ரொட்டியை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் மிருது திரும்பி வருவதையும் காட்டினார். ஆக, பழசாவது என்பது வெறுமனே காய்வது அல்ல. வெந்தபோது தண்ணீரை உள்வாங்கி இளகிய மாவுச்சத்து, ஆறிய பிறகு மெல்ல மெல்ல மறுபடி இறுகிப் படிகமாகிறது, அதனால்தான் விறைப்பு. ஃப்ரிட்ஜின் குளிரில் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும். ஃப்ரீசரில் வைத்தால் அநேகமாக நின்றுவிடும். மிச்சமான பிரெட்டை ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வைக்கிற பழக்கத்தை இன்றே விட்டுவிடலாம்.

பாக்கெட்டுக்குள்ளேயே கிடந்து பழசான பிரெட்டில் ஈரம் அப்படியே இருக்கிறது. ஏற்கெனவே தண்ணீர் குடித்திருக்கும் பிரெட் பாலை எங்கே குடிக்கும்? நமக்கு வேண்டியது பழைய பிரெட் அல்ல, காய்ந்த பிரெட். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ‘பழசாகட்டும்’ என்று பாக்கெட்டை மேசையில் விட்டால், டோஸ்ட்டுக்கு முன்னால் பூஞ்சை வந்துவிடும். ஒரு துண்டில் பச்சைப் புள்ளி தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் கிள்ளியெறிவது பலரும் செய்கிற காரியம். கூடாது. பூஞ்சையின் வேர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். முழுப் பாக்கெட்டையும் தூக்கிப் போடுங்கள்.

காய வைப்பது சுலபம். ராத்திரியே துண்டுகளை ஒரு கம்பித் தட்டில் பரப்பி, மெல்லிய துணி போட்டு மூடி, மின்விசிறி ஓடும் அறையில் வைத்துவிடலாம். மழைக்காலத்தில் இது பலிக்காது. அப்போது ஓவனில் 150 டிகிரியில் கால் மணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்பிவிட்டு. ஓவன் இல்லாத வீட்டில் தோசைக்கல்லை சிம்மில் வைத்து, எண்ணெய் எதுவும் விடாமல் இரண்டு பக்கமும் வாட்டுங்கள். நிறம் மாறக் கூடாது. தொட்டால் மேல்புறம் சொரசொரவென்றும் நடுவில் லேசாக மெத்தென்றும் இருந்தால் போதும். இன்று வாங்கிய புது பிரெட்டைக்கூட இப்படித் தயார் செய்துவிடலாம்.

துண்டு எவ்வளவு கனம் என்பதும் முக்கியம். 1928 ஜூலை 7 அன்று அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள சில்லிகாத்தியில், ஆட்டோ ரோவெடர் செய்த இயந்திரத்தில் வெட்டிய பிரெட் முதன்முதலாகக் கடைக்கு வந்தது. அன்றிலிருந்து பிரெட்டின் கனத்தை நமக்குப் பதிலாக இயந்திரம் முடிவு செய்கிறது. சாண்ட்விச்சுக்கு அந்தக் கனம் சரி. பிரெஞ்ச் டோஸ்ட்டுக்குப் போதாது. ஊறினால் கையோடு பிய்ந்து வரும். பக்கத்து பேக்கரியில் ‘வெட்டாம குடுங்க’ என்று கேட்டால் முழு பிரெட்டாகத் தருவார்கள். வீட்டில் ரம்பக் கத்தியால் இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். ஓரத்தை நீக்க வேண்டாம். ஊறிய துண்டைத் தாங்கிப் பிடிப்பதே அதுதான்.

இப்போது கலவை. கனமான நான்கு துண்டுகளுக்கு இரண்டு முட்டை, கூடுதலாக ஒரு மஞ்சள் கரு, 200 மில்லி பால், ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரை, கால் டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாக உப்பு. உப்பை விட்டுவிடாதீர்கள், இனிப்பு எடுபடுவதே அதனால்தான். வெனிலாவோ ஏலக்காயோ உங்கள் விருப்பம். முட்டையின் கவுச்சி வாடை பெரும்பாலும் வெள்ளைக் கருவில் உள்ள கந்தகத்திலிருந்து வருவது. அது பிடிக்காதவர்கள் வெள்ளையை விலக்கி, மூன்று மஞ்சள் கருவை மட்டும் சேர்க்கலாம். எப்படிச் செய்தாலும் கலவையை ஒருமுறை வடிகட்டுங்கள். அடித்தும் கரையாத வெள்ளைக் கரு இழைகள்தான் டோஸ்ட்டின் மேல் திட்டுத் திட்டாக வெந்து கிடப்பவை. அகலமான தட்டில் ஊற்றி, காய்ந்த துண்டுகளைப் பக்கத்துக்கு ஒரு நிமிடம் ஊற விடுங்கள். பாக்கெட் பிரெட் என்றால் பாலை 150 மில்லியாகக் குறைத்து, பக்கத்துக்குப் பதினைந்து விநாடியோடு எடுத்துவிடுங்கள்.

அடுப்புதான் கடைசிப் பரீட்சை. வெறும் முட்டையின் வெள்ளைக் கரு 60 டிகிரியைத் தாண்டியதும் இறுகத் தொடங்கும். பாலும் சர்க்கரையும் சேர்ந்துவிட்டால் கலவை இறுக ஏறக்குறைய 80 டிகிரி வேண்டும். மேல்புறம் பொன்னிறமாவதற்கோ 140 டிகிரியாவது தேவை. உள்ளே 80, வெளியே 140. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தாக வேண்டும். தீயைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே சளசளவென்று இருக்கும். சிம்முக்கும் மிதமான தீக்கும் இடையில் வைத்து, பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம் பொறுமையாக விடுங்கள். நடுவில் விரலால் அழுத்தினால் மேலெழும்பி வர வேண்டும். ஈரம் கசிந்தால் ஒரு நிமிடம் மூடி போட்டு வையுங்கள்.

வெண்ணெயில்தான் சுட வேண்டும் என்று மேல்நாட்டுப் புத்தகங்கள் எல்லாம் சொல்கின்றன. வெண்ணெயில் உள்ள பால் திப்பி சீக்கிரம் கருகிவிடும் என்று அதே புத்தகங்கள் அலுத்துக்கொள்ளவும் செய்கின்றன. திப்பியை உருக்கி எடுத்துவிட்ட நெய் நம் அலமாரியிலேயே இருக்கிறது. மணமும் உண்டு, சூட்டையும் தாங்கும். ஒரு விஷயம், தினமும் தோசை வார்க்கும் இரும்புக் கல்லை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். வாட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. முட்டையும் சர்க்கரையும் ஒட்டிய கல்லில் மறுநாள் தோசை எழும்பாது; வீட்டில் கேட்கும் பேச்சுக்கு இந்தத் தொடர் பொறுப்பல்ல.

இது கைவந்துவிட்டால் மற்றதெல்லாம் விளையாட்டு. விளையாடுவதற்கு முன் உலகம் இதை எப்படிச் செய்கிறது என்று பார்த்துவிடலாம். ரோமானியர் காலத்துச் சமையல் குறிப்புகளாக அபிசியஸ் என்ற பெயரில் நமக்குக் கிடைத்திருக்கும் தொகுப்பில், ஓரம் சீவிய ரொட்டியைப் பெரிய துண்டுகளாகப் பிய்த்து, பாலில் ஊறவைத்து, பொரித்து, மேலே தேன் ஊற்றச் சொல்கிறது ஒரு குறிப்பு. முட்டை என்ற பேச்சே அதில் இல்லை. ஹைதராபாத்தின் டபுள் கா மீட்டாவிலும் வட இந்திய ஷாஹி துக்கடாவிலும் முட்டை கிடையாது. அங்கே வரிசையே தலைகீழ். முதலில் பிரெட்டை நெய்யில் மொறுமொறுப்பாகப் பொரிப்பார்கள், அப்புறம்தான் பாகும் பாலும்.

ஸ்பெயின்காரர்கள் வேறு வழி. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் மாட்ரிட்டில் பேக்கரிக்கு பேக்கரி ‘டோரிஹா’ அடுக்கியிருப்பார்கள். ஒரு காலத்தில் பிள்ளை பெற்ற பெண்களுக்கு உடம்பு தேறக் கொடுத்த பண்டம் அது. பாலில் பட்டையும் எலுமிச்சைத் தோலும் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவிடுவார்கள். கனமான ரொட்டித் துண்டை முதலில் அந்தப் பாலில் நன்றாக ஊறவிட்டு, பிறகு தனியாக அடித்து வைத்த முட்டையில் தோய்த்து, ஆலிவ் எண்ணெயில் பொரித்து, சர்க்கரையிலும் பட்டைத் தூளிலும் புரட்டியெடுப்பார்கள். பாலும் முட்டையும் இங்கே கலப்பதில்லை. அதனால் உள்ளே பால் ததும்பும், வெளியே முட்டை ஒரு கூடு கட்டியிருக்கும். எலுமிச்சைத் தோலைச் சீவும்போது வெள்ளைப் பகுதி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், கசக்கும். என்னைக் கேட்டால், உலகத்து வகைகளில் இதற்குத்தான் முதலிடம்.

ஹாங்காங்கின் சா சான் டெங் என்ற தேநீர்க்கடைகளில் கிடைப்பது இதற்கு நேர் எதிர். அடக்கம் என்பதே இல்லாதது. ஓரம் நீக்கிய இரண்டு பிரெட் துண்டுகளுக்கு நடுவே வேர்க்கடலை வெண்ணெய் தடவி, முட்டையில் முக்கி, எண்ணெயில் முழுக்கப் போட்டுப் பொரித்து, மேலே ஒரு கட்டி வெண்ணெயும் சர்க்கரைப் பாகோ மில்க்மெய்டு மாதிரி கெட்டிப் பாலோ ஊற்றித் தருவார்கள். வீட்டில் செய்தால் இரண்டு பேருக்கு ஒன்று போதும். இங்கே சில உணவகங்களில் பிரெஞ்ச் டோஸ்ட்டின் மேல் சாக்லேட் பூச்சு, ஐஸ்கிரீம், நொறுக்கிய பிஸ்கட் என்று கோபுரம் கட்டுகிறார்களே, அதைவிட இது நேர்மையான பண்டம்.

நம் பக்கத்தில் இதற்கு ஏற்ற கஸ்டர்ட் ஏற்கெனவே இருக்கிறது. இலங்கையிலும், இங்கே காயல்பட்டினம், கீழக்கரை முஸ்லிம் வீடுகளிலும் செய்யும் வட்டிலாப்பம். முட்டை, தேங்காய்ப்பால், வெல்லம், ஏலக்காய் சேர்த்து ஆவியில் வேகவைப்பது. அந்தக் கலவையையே பிரெட்டுக்குள் ஏற்றிப் பாருங்கள். 60 கிராம் கருப்பட்டியை மூன்று ஸ்பூன் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, முழுக்க ஆறவிடுங்கள். 150 மில்லி கெட்டித் தேங்காய்ப்பால், இரண்டு முட்டை, ஒரு மஞ்சள் கரு, ஏலக்காய், துளி ஜாதிக்காய், சிட்டிகை உப்பு. கருப்பட்டி சேர்ந்த கலவை சீக்கிரம் கருகும்; ஆகவே தீ இன்னும் கம்மி. தேங்காய்ப்பாலுக்குப் பதில் பசும்பால் விடுபவர்கள், சூடான பாலில் கருப்பட்டியைப் போட்டுவிட வேண்டாம், திரிந்துவிடும். சுடும்போது மேலே அரை ஸ்பூன் சர்க்கரை தூவித் திருப்பிப் போட்டால், கண்ணாடி மாதிரி ஒரு மொறுமொறுப்பு மேலே படரும்.

காரம் கேட்பவர்களுக்கு: சர்க்கரையை எடுத்துவிட்டு, பாலை 100 மில்லியாக்கி, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மிளகுத்தூள். வெங்காயத்தைக் கலவையில் போடாமல், துண்டு வாணலியில் விழுந்ததும் மேலே தூவி அழுத்திவிடுங்கள். இல்லையென்றால் எல்லாம் தட்டின் அடியிலேயே தங்கிவிடும்.

முட்டை சேர்க்காத வீடுகளுக்கு ஆல்ஃப்ரெட் பேர்டு துணை. முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக 1837-ல் பர்மிங்காமில் அவர் சோளமாவை வைத்து உருவாக்கியதுதான் கஸ்டர்ட் பவுடர். 200 மில்லி குளிர்ந்த பாலில் இரண்டு டேபிள்ஸ்பூன் கஸ்டர்ட் பவுடரும் சர்க்கரையும் கரைத்தால் போதும். மாவு அடியில் தங்கும் என்பதால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒருமுறை கலக்கிக்கொள்ளுங்கள். முட்டை செய்யும் வேலையை இது முழுதாகச் செய்துவிடாது, ஆனால் பொன்னிறத்துக்கும் மணத்துக்கும் குறையில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை செய்வதாக இருந்தால், சனிக்கிழமை ராத்திரியே பிரெட்டை வெட்டிப் பரப்பி வைத்துவிடுங்கள். அடுத்த வாரம் பிரெட்டை விட்டுவிட்டு, வட்டிலாப்பம் ஆவியில் வேகும்போது ஏன் சிலருக்கு மட்டும் தண்ணீர் விட்டுக்கொள்கிறது என்று பார்ப்போம்.