ஐஸ் பெட்டியோடு ரயிலேறிய பெண்!

"அதெல்லாம் வெள்ளைக்காரன் வியாதிங்க... நம்ம ஊருக்கு எங்கே வரப்போகுது?"

1985-ல் எய்ட்ஸைப் பற்றிப் படித்தவர்களே இப்படித்தான் பேசினார்கள். அதிலும் சென்னை ரொம்பக் கட்டுப்பாடான ஊர் என்கிற பெருமை வேறு! சென்னை மருத்துவக் கல்லூரி நுண்ணுயிரியல் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன் மட்டும், 'சோதித்துப் பார்க்காமல் எப்படிச் சொல்வது?' என்று நினைத்தார். தன் மாணவி நிர்மலாவிடம் அந்த ஆராய்ச்சியை ஒப்படைத்தார்.

நிர்மலாவுக்கு அப்போது வயது 32. முதலில் தயங்கினார். கணவர்தான் தைரியம் சொன்னார். பாலியல் தொழிலில் சிக்கி, அரசு காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் போய், பேசிப் பழகி, ரத்தம் எடுத்தார். நல்ல கையுறைகூடக் கிடையாது. பிரித்தெடுத்த சீரத்தை எங்கே வைத்திருந்தார் தெரியுமா? தன் வீட்டு ஃப்ரிட்ஜில்!

எலிசா சோதனை செய்ய அப்போது சென்னையில் வசதியில்லை. 1986 பிப்ரவரியில் கணவரும் மனைவியுமாக ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரவு ரயிலில் காட்பாடி போய் இறங்கினார்கள். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் ஜானின் வைரஸ் ஆய்வுக்கூடத்தில் சோதனை நடந்தது. ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. பிறகு அமெரிக்காவிலும் சோதித்து உறுதி செய்தார்கள். அந்த மே மாதம் அமைச்சர் எச்.வி.ஹண்டே சட்டசபையில் அறிவித்தபோது நாடே ஆடிப்போனது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எச்.ஐ.வி. உடம்பில் நுழைந்தால் மறுநாளே படுக்கையில் தள்ளாது. வெள்ளை அணுக்களில் குடியேறி, எட்டுப் பத்து வருஷம்கூடச் சத்தமில்லாமல் இருக்கும். ஆள் பார்க்க ஜம்மென்று இருப்பார், வேலைக்குப் போவார், ஆனால் மற்றவருக்குத் தொற்றும். ரத்தத்தைச் சோதிக்காமல் கண்டுபிடிக்கவே முடியாது. அன்று நிர்மலா தேடிப் போகாவிட்டால், ஆட்கள் வரிசையாகச் சாகத் தொடங்கிய பிறகுதான் நமக்கு விழிப்பு வந்திருக்கும்.

நிர்மலா பிறகு கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தடுப்பூசித் தயாரிப்பில் வேலை பார்த்து, 2010-ல் ஓய்வு பெற்றார். அவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சுனிதி சாலமன் 1993-ல் ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பைத் தொடங்கி, 2015-ல் மறையும் வரை இந்த நோயாளிகளோடுதான் இருந்தார். நோயுள்ளவருக்கு நோயுள்ளவரையே பார்த்துக் கல்யாணம்கூடப் பேசி முடித்தார் அந்த அம்மா!

எங்கள் கூட்டேரிப்பட்டு, சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கிறது. ராத்திரி பகலாக லாரி ஓடும் ரோடு. இந்த மாதிரிப் பாதைகளில் பயணம் செய்துதான் வைரஸ் ஊர் ஊராகப் போனது. பல வீடுகளில் ஒரு பாவமும் அறியாத மனைவிக்கும் வந்தது. ஒரே தட்டில் சாப்பிட்டதாலோ, கொசு கடித்ததாலோ யாருக்கும் வரவில்லை.

சித்த வைத்தியன் என்பதால் என்னிடம் ரகசியமாக வந்து, "இதுக்கு உங்ககிட்ட ஏதாச்சும் பஸ்பம் இருக்குங்களா?" என்று கேட்பார்கள். ஒளிக்காமல் சொல்கிறேன்: இந்த வைரஸை ஒழிக்கும் மருந்து சித்தத்தில் இல்லை. தாம்பரம் அரசு மருத்துவமனையில் ரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம் மூன்றையும் கொடுத்துப் பார்த்தார்கள். உடம்பைத் தேற்றத்தான் அவை. 'எய்ட்ஸைக் குணப்படுத்துகிறேன்' என்று விளம்பரம் செய்வதே சட்டப்படி குற்றம். அப்படிச் சொல்பவரை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

அந்த ஏ.ஆர்.டி. மாத்திரை 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசம். தினமும் தவறாமல் சாப்பிட்டால் கிருமி ரத்தத்தில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறையும். அப்படியே குறைந்திருக்கும்வரை உடலுறவு மூலம் துணைக்குப் பரவாது. கர்ப்பிணி சரியாகச் சாப்பிட்டு வந்தால், குழந்தைக்கு வராமலே தடுக்க வழியிருக்கிறது.

சோதித்துக்கொள்ள, அரசு மருத்துவமனையில் 'நம்பிக்கை மையம்' எங்கே என்று கேளுங்கள். காசு கிடையாது, முடிவை வெளியே சொல்ல மாட்டார்கள். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் முதலில் 1097-க்குப் போன் செய்து பேசுங்கள்.