வெப்பமும் வேகமும்

விருதுநகர் மாவட்டத்தின் கரிசல் நிலத்தில் மழை குறைவு; வெயில் மிகுதி. உழவுக்குத் தடையாக நின்ற அந்த வறட்சியே சிவகாசிக்குத் தொழில்வளம் தந்தது. 1922ஆம் ஆண்டு கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அத்தொழிலைத் தம் ஊரில் வேரூன்றச் செய்தனர். தீக்குச்சி மருந்து உலர்வதற்கு வறண்ட காற்று துணைநின்றது. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசுத் தொழில் வளர்ந்தது. இரண்டுக்கும் வண்ண மேலுறைகள் தேவைப்பட்டமையால் அச்சுத்தொழிலும் தழைத்தது. இன்று நாட்காட்டி, நாட்குறிப்பு, பட்டாசுப்பெட்டி உறை எனப் பலவும் அச்சாகும் சிவகாசியில், அச்சுக்கு முந்தைய வடிவமைப்புப் பணி கணினியில் நடைபெறுகிறது. தீக்குச்சியை உலர்த்திய வெப்பம் கணினிக்குப் பகையாகும். மடிக்கணினிக்கும் மேசைக்கணினிக்கும் உள்ள திறன் வேறுபாட்டை விளக்குவதும் அவ்வெப்பமே.

பெயர் ஒன்று, திறன் வேறு

கணினியின் மூளையாக விளங்குவது நுண்செயலி. இன்டெல் நிறுவனம் 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்திய இரு நுண்செயலிகளை ஒப்பிடலாம். கோர் ஐ5-13400 மேசைக்கணினிக்கு உரியது. கோர் ஐ5-1335யூ மடிக்கணினிக்கு உரியது. இரண்டும் 13ஆம் தலைமுறையைச் சார்ந்தவை. இரண்டிலும் கணக்கிடும் உள்ளகங்கள் 10; உச்ச வேகம் 4.6 கிகாஹெர்ட்ஸ். இவற்றை மட்டும் நோக்குவோர் இரண்டும் நிகரானவை என எண்ணக்கூடும்.

உள்ளே நோக்கினால் வேறுபாடு புலப்படும். மேசைக்கணினியின் நுண்செயலியில் 6 விரைவு உள்ளகங்களும் 4 சிக்கன உள்ளகங்களும் உள்ளன. மடிக்கணினியின் நுண்செயலியில் விரைவு உள்ளகங்கள் 2 மட்டுமே. எஞ்சிய 8 சிக்கன உள்ளகங்கள். முன்னதன் கேச் நினைவகம் 20 மெகாபைட். பின்னதற்கு 12 மெகாபைட். எல்லாவற்றினும் முதன்மையானது மின்திறன். முன்னதன் அடிப்படை மின்திறன் 65 வாட். பின்னதற்கு 15 வாட் மட்டுமே.

வேகத்தின் விலை

நுண்செயலியில் உள்ள கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் நொடிதோறும் பலகோடி முறை திறந்து மூடுகின்றன. அவை ஏற்கும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாக மாறுகிறது. இம்மின்திறன், மின்னழுத்தத்தின் இருமடியையும் அதிர்வெண்ணையும் பெருக்கிவரும் அளவுக்கேற்ப உயரும். அதிர்வெண்ணை 20 விழுக்காடு உயர்த்துவதற்கு மின்னழுத்தத்தையும் 20 விழுக்காடு உயர்த்த வேண்டியிருப்பதாகக் கொள்வோம். அப்போது மின்திறன் 1.2 × 1.2 × 1.2, அதாவது ஏறத்தாழ 1.73 மடங்காகும். சிறிது வேகத்திற்குப் பெருமளவு வெப்பத்தை விலையாகத் தர வேண்டும். ஆகவே, நான்கு மடங்கு மின்திறன் நான்கு மடங்கு வேகத்தைத் தந்துவிடாது.

மேசைக்கணினியின் அகன்ற பெட்டியில் பெரிய உலோகத் தகடுகளும் விசிறிகளும் வெப்பத்தை வெளியேற்றுகின்றன. மடிக்கணினியிலோ விரலளவு தடிமனுக்குள் இவை அனைத்தும் அடங்க வேண்டும். மேற்கூறிய மடிக்கணினி நுண்செயலி சிறிது நேரம் 55 வாட் வரை ஏற்று விரைந்து இயங்கவல்லது. வெப்பம் தேங்கியதும் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், இல்லையேல் பழுதுபடும்.

ஆப்பிள் நிறுவனம் 2020 நவம்பரில் வெளியிட்ட எம்1 நுண்செயலி இதற்குத் தெளிவான சான்று. அது விசிறியில்லாத மேக்புக் ஏர் மடிக்கணினியிலும் விசிறியுள்ள மேக் மினி மேசைக்கணினியிலும் இடம்பெற்றது. குறுகிய பணிகளில் இரண்டும் ஏறத்தாழ இணையாக இயங்கின. நெடுநேரப் பணியில் விசிறியில்லாத கணினி வேகம் தளர்ந்தது.

வெயில் நிலத்தில் கணினி

வெப்பம் வெளியேறும் அளவு, நுண்செயலிக்கும் சுற்றுப்புறத்திற்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. நுண்செயலியின் எல்லை 100 டிகிரி செல்சியஸ் எனக் கொள்வோம். அறை 25 டிகிரியில் இருந்தால் வேறுபாடு 75. அறை 40 டிகிரியானால் வேறுபாடு 60. அதாவது, குளிர்விக்கும் வாய்ப்பில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. சித்திரை வெயிலில் மடிக்கணினி தளர்வதற்குக் காரணம் இதுவே.

சிவகாசியில் புத்தாண்டு நாட்காட்டிகளின் மாதிரித் தொகுப்புகள் ஆடிப்பெருக்கன்று வெளியாவது வழக்கம். அந்நாளுக்குள் எண்ணற்ற வண்ணப் படங்களைத் திருத்தி அச்சுக்கு ஏற்றவாறு மாற்ற வேண்டும். மணிக்கணக்கில் நீளும் இத்தகைய பணிக்கு மேசைக்கணினியே பொருத்தமானது.

இதனால் மடிக்கணினி தாழ்ந்தது என்பதன்று. 50 வாட்-மணி மின்கலம், 65 வாட் ஏற்கும் நுண்செயலிக்கு ஒரு மணிநேரமும் போதாது. 15 வாட் நுண்செயலிக்கு மூன்று மணிநேரத்திற்கும் மேல் போதும். மின்தடையிலும் பயணத்திலும் அச்சிக்கனமே கைகொடுக்கிறது. தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் எளிய குடும்பத்து மாணவர் பலரின் இல்லங்களுக்குக் கணினி வந்து சேர்ந்தது. கட்டுரை எழுதவும் நிரல் கற்கவும் மடிக்கணினியின் திறன் போதுமானது. மெத்தையின்மீது வைத்துக் காற்றுவழியை அடைக்காமலும், தூசு படியாமலும் காத்தால் அதன் வேகம் நிலைக்கும்.

கணினி வாங்குவோர் கிகாஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் நோக்குதல் போதாது. செய்யவிருக்கும் பணி எவ்வளவு நேரம் நீளும், நுண்செயலி எத்தனை வாட் ஏற்கும், வெப்பம் வெளியேற வழியுண்டா என்னும் மூன்றையும் ஆராய வேண்டும். அவ்வாறு ஆராய்ந்து வாங்குவோரின் பொருள் வீணாவதில்லை.