புகை டிடெக்டரை எங்கே மாட்டுவது?

திருவண்ணாமலையில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு பக்கம் பூஜை அலமாரி, மறுபக்கம் கம்ப்யூட்டர். யூ.பி.எஸ். எந்நேரமும் மின் இணைப்பில் இருப்பதால், பேட்டரியில் இயங்கும் புகை டிடெக்டர் ஒன்றை வாங்கி, பூஜை அலமாரிக்கு மேலேயே மாட்டினேன். வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணிப் புகைக்கு அது அலறியது. பொறுக்காமல் பேட்டரியைக் கழற்றிவிட்டேன்.

கார்த்திகை தீபத்தன்று மொட்டை மாடியில் மலை தீபம் பார்த்துவிட்டு இறங்கினால், ஹால் முழுக்க வயர் கருகிய புகை! மெயின் சுவிட்சை அணைத்துத் தப்பித்தோம்.

தவறு கருவியில் இல்லை, மாட்டிய இடத்தில்தான். நீங்கள் கவனிக்க வேண்டியவை:

1. புகை மேலே எழும். எனவே சீலிங்கில், சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி மாட்டுங்கள்.

2. அடுப்பிலிருந்து 3 மீட்டர், ஃபேன் இறக்கை நுனியிலிருந்து 1 மீட்டர் விலக்குங்கள். சாம்பிராணி போடும் இடத்தையும் தவிருங்கள்.

3. 'போட்டோ எலக்ட்ரிக்' வகையைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே நுழையும் புகை, ஒளியைச் சிதறடித்து சென்சாரில் விழச் செய்யும். உடனே அலாரம் ஒலிக்கும். கருகிப் புகையும் வயருக்கு இதுவே ஏற்றது.

4. மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். 10 ஆண்டுகளில் கருவியையே மாற்றுங்கள்.

இப்போது எங்கள் டிடெக்டர் படுக்கையறை வாசலருகே, கம்ப்யூட்டர் பக்கத்து சீலிங்கில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளிலும் பேட்டரி உள்ளேயேதான்!