உறைவிடப் பள்ளியும் காப்புப் பள்ளியும்

ஆறாம் ஆண்டு மாணவர்கள் நம் பள்ளியினின்றும் விடைபெறும் காலம் நெருங்குந்தோறும், பெற்றோர் பலர் நம்மை நாடி வந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, எங்கள் பிள்ளையை ஆஸ்ராமா பள்ளியில் சேர்க்க வழியுண்டா?" என்பதே அது. ஆசை நல்லதே. ஆயினும், ஆசையோடு ஆயத்தமும் சேர்ந்தாலன்றி அது நிறைவேறுவது அரிது. ஆதலின், உறைவிடப் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கும் முறையினையும், அதனோடு உடன் எண்ணவேண்டிய 'காப்புப் பள்ளி' என்னும் கருத்தினையும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விழைகிறோம்.

தோட்டப்புற மாணவர்க்கு உறைவிடக் கல்வி ஏன் வேண்டும்? வைகறையில் எழுந்து, செம்மண் பாதையில் நடந்து, பேருந்துக்குக் காத்திருந்து பள்ளி சேர்வதற்குள்ளாகவே பல பிள்ளைகள் களைத்துப் போகின்றனர். மாலையில் நடைபெறும் கூடுதல் வகுப்புகளுக்கு இருந்தால், வீடு திரும்பப் பேருந்து இல்லை. விடுதியில் தங்குவோர்க்கு இத்தொல்லை இல்லை. படிப்பதற்கு ஒரு நேரம், விளையாட ஒரு நேரம், உறங்க ஒரு நேரம் என்னும் ஒழுங்கும் வாய்க்கிறது.

எல்லா உறைவிடப் பள்ளிகளும் ஒருதன்மையன அல்ல. முதல்வகை, கல்வி அமைச்சின் முழு உறைவிடப் பள்ளிகள். 1905ஆம் ஆண்டில் தோன்றிய கோலாகங்சார் மலாய்க் கல்லூரியும், 1947இல் மலாய்ப் பெண்கள் கல்லூரியாகத் தொடங்கப்பெற்ற துங்கு குர்ஷியா கல்லூரியும் இவ்வகையைச் சார்ந்தவை. இவை மலாய் மாணவர்க்கென்றே எழுந்தவை. இவ்வகையைச் சார்ந்த வேறு சில பள்ளிகளில் பிற இன மாணவரும் பயில்கின்றனர். எனினும், அவர்கள்தம் தொகை சிறிதே. இரண்டாம் வகை, மரா இளநிலை அறிவியல் கல்லூரிகள். முதற் கல்லூரி 1972இல் சிரம்பானில் எழுந்தது. இக்கல்லூரிகளில் பூமிபுத்ரா அல்லாதார்க்கென வகுக்கப்பட்டிருப்பது 10 விழுக்காட்டு இடங்களே. மூன்றாவது, 1952இல் போர்ட் டிக்சனில் தொடங்கப்பெற்று, இப்பொழுது சுங்கை பெசியில் இயங்கும் அரச இராணுவக் கல்லூரி. இது எல்லா இன ஆண்பிள்ளைகளுக்கும் உரியது. நான்காம் படிவத்தில் இதில் சேரலாம்.

நான்காவது வகையை நம் மக்களுள் பலர் அறியார். சாதாரணத் தேசிய இடைநிலைப்பள்ளிகள் சிலவற்றோடு விடுதியும் இணைந்துள்ளது. தொலைவில் வாழ்வோரும் வருவாய் குறைந்தோரும் தங்கிப் பயிலுதற்கென்றே இவ்விடுதிகள் அமைந்தன. பெயரும் புகழும் இவற்றுக்குக் குறைவாயிருக்கலாம். ஆயின், நம் பிள்ளைகளின் தேவைக்கு மிக அணுக்கமானவை இவையே.

இனி, விண்ணப்பிக்கும் முறையைக் காண்போம். முன்னாளில் ஆறாம் ஆண்டுத் தேர்வான யு.பி.எஸ்.ஆர். முடிவுகளைக் கொண்டே மாணவர் தெரிவு நடைபெற்றது. அத்தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. இப்பொழுது கல்வி அமைச்சின் சிறப்புப் பள்ளிகளில் சேர விழைவோர் 'பி.கே.எஸ்.கே.' எனப்படும் நுழைவு மதிப்பீட்டினை எழுதுதல் வேண்டும். இதற்கு மனனம் செய்த விடைகள் மட்டும் போதா. சிந்தனைத் திறனும் தேவை. மரா கல்லூரிகளுக்கு விண்ணப்பம் தனியே செய்யப்பட வேண்டும். ஒன்றுக்கு விண்ணப்பித்தால் மற்றதற்கும் சேரும் என்று எண்ணி ஏமாந்தோர் உளர். இவ்விண்ணப்பங்கள் யாவும் இணையத்தின் வழியே நடைபெறுகின்றன. கணினி இல்லாதோர் தயங்காது வகுப்பாசிரியரை அணுகுக. இறுதிநாள் வரை காத்திருத்தல் வேண்டா.

பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் அடையாள அட்டை, சம்பளச் சீட்டு ஆகியவற்றை ஓர் உறையில் இட்டு வைத்தல் நலம். பிள்ளைக்குப் 12 வயது நிறைந்ததும் அடையாள அட்டை எடுத்தல் வேண்டும். பிறப்புப் பதிவில் குறையுள்ள பிள்ளைகளின் பெற்றோர், ஆறாம் ஆண்டு வரை காத்திராமல் முன்னரே அதனைச் சரிசெய்தல் இன்றியமையாதது.

இங்ஙனம் எல்லாம் செய்தும் இடம் கிட்டாமற் போகலாம். அப்பொழுது என் செய்வது? இவ்விடத்தேதான் காப்புப் பள்ளி என்னும் கருத்து பயன்படுகிறது.

அமெரிக்க நாட்டில் 1778இல் தோன்றிய பிலிப்ஸ் ஆண்டோவர், 1781இல் தோன்றிய பிலிப்ஸ் எக்சிட்டர் போன்ற உறைவிடப் பள்ளிகள் பெரும்புகழ் வாய்ந்தவை. ஆண்டோவர் பள்ளிக்கு விண்ணப்பிக்கும் நூறு பேரில், அண்மை ஆண்டுகளில் இருபது பேர்க்கும் குறைவானவர்க்கே இடம் கிடைக்கிறது. ஆதலின், அங்குள்ளோர் ஒரே பள்ளியை நம்பி இருப்பதில்லை. எட்டிப் பறிக்கவேண்டிய பள்ளி, தம் தகுதிக்கு ஒத்த பள்ளி, ஐயமின்றி இடம் தரக்கூடிய பள்ளி என மூவகையாகப் பிரித்து விண்ணப்பிக்கின்றனர். இவற்றுள் இறுதியானதே காப்புப் பள்ளி. அண்டை நாடாகிய சிங்கப்பூரிலும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதிய மாணவர் ஆறு இடைநிலைப்பள்ளிகளை வரிசைப்படுத்தித் தருகின்றனர். அவற்றுள் இரண்டு மூன்றேனும் தம் புள்ளிக்கு எளிதில் இடம் தருவனவாய் இருக்கட்டும் என்று அந்நாட்டுக் கல்வி அமைச்சே அறிவுறுத்துகிறது.

இக்கருத்து நம்மவர்க்குப் புதிதன்று. மழைக்காலத்தில் மரம் நனைந்தால் பால்வெட்டு இல்லை. வெட்டில்லையேல் அன்றைய வருவாயும் குறையும். அதனையறிந்த நம் முன்னோர் லயத்தின் பின்புறத்தே காய்கறித் தோட்டம் இட்டனர். ஆடு மாடு வளர்த்தனர். அதனால் அவர்கள் பால்வெட்டை இகழ்ந்தாரென்று எவரும் கூறார். மழைநாளிலும் அடுப்பு எரியவேண்டும் என்று எண்ணினர்; அவ்வளவே.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன், புகழ்பெற்ற உறைவிடப் பள்ளி ஒன்றை மட்டுமே எண்ணியிருந்தான். அவன் தந்தையார் கடன்பட்டுப் பெட்டியும் சீருடையும் வாங்கி வைத்தார். அண்டை வீட்டார்க்கெல்லாம் செய்தி பரவிற்று. முடிவு வந்தபோது அவன் பெயர் அதில் இல்லை. அருகிலுள்ள இடைநிலைப்பள்ளியில் அவனுக்கு இடம் காத்திருந்தும், "அங்கே போகமாட்டேன்" என்று மூன்று வாரம் வீட்டிலேயே கிடந்தான். நாமும் தலைமையாசிரியரும் சென்று பேசிய பின்னரே பள்ளிக்குச் சென்றான். அவன் அறிவில் குறையில்லை, குறை நம்முடையது. கிடைத்தால் எப்படி என்று அவனுக்குக் கூறிய நாம், கிடைக்காவிடில் எப்படி என்று கூறத் தவறினோம். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அத்தவறே.

ஒரு பள்ளியைக் காப்புப் பள்ளி எனக் கொள்ளுமுன் மூன்று வினாக்களை எழுப்புக. அங்கே இடம் கிடைப்பது ஏறத்தாழ உறுதியா? போக்குவரத்து உள்ளிட்ட செலவு நம் வருவாய்க்குள் அடங்குமா? பிள்ளை அங்கு மனமுவந்து பயில்வானா? இம்மூன்றில் ஒன்று இல்லையேனும் அது காப்பாகாது. ஆகவே, உறைவிடப் பள்ளிக்கு விண்ணப்பிக்கும் அதே நாளில், அருகிலுள்ள இடைநிலைப்பள்ளியையும் பிள்ளையோடு சென்று காண்க. விடுதி உண்டா, அதில் சேர விண்ணப்பிப்பது எவ்வாறு, உணவு எத்தகையது, பேருந்து எந்நேரம் வரும் என்று கேட்டறிக. தேசியமொழியில் போதிய தேர்ச்சி பெறாதார் ஓராண்டு புகுமுக வகுப்பில் பயில நேரும் என்பதால், அம்மொழியிலும் பிள்ளைகளை இப்பொழுதே பயிற்றுக.

தமிழ்மொழி பற்றியும் கேட்டல் வேண்டும். எல்லா உறைவிடப் பள்ளிகளிலும் தமிழ் கற்பிக்கப்படுவதில்லை. தேசிய இடைநிலைப்பள்ளியிலோ, 15 மாணவர்களின் பெற்றோர் வேண்டினால் தமிழ் வகுப்புக்கு வகைசெய்ய 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடமளிக்கிறது. இவ்வகையில் காப்புப் பள்ளியே மேலான பள்ளியாகவும் அமையக்கூடும்.

மாணவச் செல்வங்களே! உயர்ந்த பள்ளியை விரும்புங்கள், அதற்கென உழையுங்கள். கிட்டாவிடில் நாணித் தலைகுனிய வேண்டா. மூன்றாம் படிவத்தில் பயிலுங்கால், நான்காம் படிவச் சேர்க்கைக்கு மீண்டும் விண்ணப்பிக்கும் வாய்ப்பு உங்களுக்குக் காத்திருக்கிறது. பெற்றோர்களே! முடிவு வரும் நாளில் பிள்ளை முதலில் நோக்குவது உங்கள் முகத்தையே. எந்த முடிவு வரினும் அம்முகம் மலர்ந்திருக்குமாயின், பிள்ளைக்கு அதனினும் சிறந்த காப்பு வேறில்லை.